ஒரு அடித் தொட்டிக்கு என்ன மீன் வாங்கலாம்?

சென்னை கொளத்தூரில் கலர் மீன் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு சிரித்துக்கொண்டே மீன் வாங்கிப் போகிறவர், புதன்கிழமை திரும்பி வருவார். "அண்ணா, ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது" என்பார். என்ன மீன் என்று நான் கேட்பதே இல்லை. பெரும்பாலும் கோல்டு ஃபிஷ்தான்.

உங்கள் தொட்டியை ஒருமுறை அளந்து பாருங்கள். நீளம் 30, அகலம் 20, உயரம் 20 சென்டிமீட்டர் என்றால் 12 லிட்டர். கல்லுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் 9 லிட்டர் தேறும். ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை. கோல்டு ஃபிஷ்ஷோ அரை அடிக்கு மேல் வளரக்கூடியது, கழிவும் அதிகம். அந்தக் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா சேரும். அதை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரம் ஆகிவிடும். புதுத் தொட்டியில் அதற்குள் மீன் மூச்சுத் திணறி மேலே வந்துவிடும். இதில் நம்ம ஊர் போர் தண்ணீருக்கு இன்னொரு சங்கடம் உண்டு: காரத்தன்மையும் வெயிலும் கூடக்கூட, அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையான விஷமாகும்.

அப்புறம் இந்த சக்கர் மீன். "தொட்டியைச் சுத்தம் பண்ணுமாமே" என்று கேட்டு வாங்குகிறார்கள். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். பாசியைத் தின்றாலும் கழிவும் நிறையப் போடும். தாங்க முடியாமல் ஏரியில் விட்டவர்களால்தான் இன்று வலை போடும் மீனவர்கள் திண்டாடுகிறார்கள். நியான் டெட்ராவும் வேண்டாம். ஆறேழு சேர்ந்து நீந்த இடம் வேண்டும், சென்னை மே மாத வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

சரி, எதைத்தான் வாங்குவது? ஒரு ஃபைட்டர் மீன். ஒன்றே ஒன்று. செவுளுக்கு மேல் தனி உறுப்பு இருப்பதால் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும், நம் சூடும் அதற்குப் பழக்கம். எகிறிக் குதிக்கும், அதனால் மூடி அவசியம். "நீங்களே அரை லிட்டர் பாட்டிலில்தானே வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அது விற்கும்வரைதான், தண்ணீரும் அடிக்கடி மாற்றுகிறோம். அதுவே வீடாகிவிடக் கூடாது.

கூட்டமாகத்தான் வேண்டும் என்றால் மூன்று ஆண் கப்பி, கூட ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டர். நம்ம போர் உப்புத் தண்ணீரைக் கப்பி நன்றாகவே தாங்கும். பெண்ணைச் சேர்க்காதீர்கள், மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குட்டி வந்துவிடும். தனியாக ஒரு பெண்ணை வாங்கினாலும் கடையிலேயே சினையாகியிருக்கும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவினால் பாக்டீரியா போய்விடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு பையன் ஃபைட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "தனியா இருந்தா இதுக்கு போர் அடிக்காதா அண்ணா?" என்றான். கல்லாவில் கிடந்த சின்னக் கண்ணாடியை எடுத்துப் பாட்டிலுக்கு எதிரே பிடித்தேன். செவுளை விரித்துக்கொண்டு முட்ட வந்தது மீன்.

"அய்யோ, ஒண்ணே போதும்" என்றான்.