மாமியார் நள்ளிரவில் கூப்பிடும் விளையாட்டு

"யாருக்குடி பணம் அனுப்பினே?" என்று கேட்டு ஓய்ந்துபோன பிறகுதான் அந்த அப்பாவும் அம்மாவும் மகளை ஆலோசகரான என்னிடம் அழைத்து வந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பாவின் கணக்கிலிருந்து 89 ரூபாய், 159 ரூபாய், மறுபடி 89 என்று இரண்டு மாதமாகப் போயிருக்கிறது. எவனோ மிரட்டிப் பறிக்கிறான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

தனியாகப் பேசியபோது அவள் சொன்ன பெயர், அடுத்து என்ன செய்வது என்று நாமே தேர்ந்தெடுத்து நகர்த்தும் காதல் கதை விளையாட்டு ஒன்றில், கைப்பேசியில் வரும் கதாநாயகனுடையது. விஷயம் தெரிந்தால் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். "நிஜப் பையனா இருந்திருந்தாகூடப் புரிஞ்சிருக்கும் மேடம்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் கதையைச் சொல்லச் சொன்னேன். நாற்பது நிமிடம் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். நடுவில் ஒரு காட்சி: அவனுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 'எனக்கு வேலை இருக்கு' என்று கிளம்பிவிடுவது இலவசம். கூட உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் வைரம், அதாவது விளையாட்டுக்குள் செல்லும் நாணயம், செலவாகும். வைரம் தீர்ந்தால் காசு. "எப்படி மேடம் விட்டுட்டுப் போறது?"

பொய்க் காதலில் ஏமாறும் அளவுக்கு அவள் அசடு இல்லை. அவன் வெறும் படம் என்று அவளுக்குத் தெரியும். அவள் காசு கொடுத்தது குற்ற உணர்விலிருந்து தப்பிக்க.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 2004, 2005 வாக்கில் ஹாங்காங்கின் ஆர்ட்டிஃபிஷியல் லைஃப் என்ற நிறுவனம், அப்போதுதான் வந்திருந்த 3ஜி கைப்பேசிகளுக்காக விவியன் என்ற 'கைப்பேசிக் காதலி'யை உருவாக்கியது. மாதச் சந்தா தனி. அவளுக்குப் பூவோ சாக்லெட்டோ வாங்கித் தர வேண்டுமென்றால், பரிசு திரையில்தான், பணம் நிஜம். கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். செய்தால் ஒரு மாமியாரும் வந்துசேர்வார். மகளை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாயா என்று நள்ளிரவில் கூப்பிட்டு விசாரிப்பார். யோசனை சொன்னது நம்மூர்க்காரராக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜப்பானில் பாதை வேறு. 1999 பிப்ரவரியில் டோகோமோ என்ற தொலைபேசி நிறுவனம், கைப்பேசியிலேயே இணையம் தரும் ஐ-மோட் சேவையைத் தொடங்கியதும், சின்னச் சின்னக் கட்டணங்களைத் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்தே வசூலிக்க வழி கிடைத்தது. அதே ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய வோல்டேஜ் என்ற நிறுவனம் பின்னாளில் பெண்களுக்கான காதல் கதை விளையாட்டுகளில் பெயர் வாங்கியது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஒவ்வொரு நாயகனின் கதையையும் தனித்தனியாக விற்றார்கள். இவனுடைய கதை வேண்டுமா, இவ்வளவு. புத்தகக் கடை மாதிரி விலை முன்கூட்டியே தெரியும். எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை.

அமெரிக்காவில் 2005-இல் வந்த சர்வைவிங் ஹைஸ்கூல், பட்டன் போன்களில் ஓடிய பள்ளிக்கூடக் கதை. வாராவாரம் புது அத்தியாயம். வார இதழ்த் தொடர்கதையில் 'தொடரும்' என்று போட்டதும் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புதிதில்லை. அதை உருவாக்கியவர்களே 2012-இல் பிக்சல்பெர்ரி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2016-இல் சாய்சஸ் என்ற கதை விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குள் சந்தையே மாறியிருந்தது. விளையாட்டு இலவசம், நல்ல வசனத்துக்கு மட்டும் வைரம் என்ற முறை பரவலாகிவிட்டது.

நம்மூரில் அந்தப் பட்டன் போன் காலத்தில் இதற்கெல்லாம் காசு கொடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. மியாமி நைட்ஸ் போன்ற விளையாட்டுகள் புளூடூத்தில் கைமாறும், இல்லையென்றால் செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தருவார்கள். பேசினால் உறவுக் கோடு ஏறும், சொதப்பினால் இறங்கும், அவ்வளவுதான். இணைய இணைப்பு இல்லாமலே விளையாடியதால் யாரும் உள்ளே வந்து காசு கேட்க முடியாது.

சரி, பிள்ளை இப்படி ஒரு விளையாட்டில் இருப்பது தெரிந்தால்? முதலில் கதையைக் கேளுங்கள். எந்த இடத்தில் காசு போனது என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு எது தாங்கவில்லை என்பது தெரிந்துவிடும். என்னிடம் வந்த பெண்ணின் தாத்தா கடைசி நாட்களில் மருத்துவமனையில் இருந்தபோது, தேர்வு என்று சொல்லி அவளைப் போகவிடவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் காட்சிக்கு அவள் மூன்று முறை திரும்பப் போயிருந்தாள். இதை அவளாகச் சொல்ல எங்களுக்கு நான்கு சந்திப்புகள் ஆயின.

கோபத்தில் செயலியை அழிக்காதீர்கள். மாதச் சந்தா இருந்தால், அழித்தாலும் பணம் போய்க்கொண்டேயிருக்கும். பிளே ஸ்டோருக்குள் போய்ச் சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கவும் அங்கே வசதி உண்டு. பணத்தைவிட நான் கவனிப்பது தூக்கத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார்கள், சாப்பாடு குறைகிறது, நண்பர்களோடு பேச்சில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். அருகில் ஆலோசகர் இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 இருக்கிறது, கட்டணம் இல்லை.

அந்தப் பெண் விளையாட்டை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. போன வாரம் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காசு கட்டாம ஃப்ரீயா இருக்கறதையே அழுத்திட்டேன் மேடம். அவன் ரொம்ப வருத்தப்பட்டான். அப்புறம் அடுத்த அத்தியாயத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி குட் மார்னிங் சொல்றான்."