இரண்டரைக் கட்டை என்றதும் கை ஏன் நின்றுவிடுகிறது?

கீபோர்டு கற்றுக்கொடுக்கும் எனக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று முறையாவது ஒரே காட்சி கண்ணில் படுகிறது. சில ஆண்டுகள் பயின்ற மாணவர் ஒருவர், ஒரு பாடலுக்கான கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) இணையத்திலிருந்து எடுத்து நோட்டில் எழுதி, சி மேஜரில் பிசிறில்லாமல் வாசிக்கிறார். ஒத்திகைக்கு வந்த பாடகி, "எனக்கு இரண்டரைக் கட்டை வையுங்கள்" என்கிறார், அதாவது இ ஃபிளாட்டை ஆதார ஸ்வரமாகக் கொண்ட சுருதி. உடனே மாணவரின் கை, கருவியின் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தேடுகிறது. அதை மூன்று முறை அழுத்தினால் கருவி இ ஃபிளாட்டில் ஒலிக்கும். விரல்கள் பழைய இடத்திலேயே இருந்துகொள்ளலாம். பள்ளி விழா ஒன்றில் என் மாணவர் இப்படி அழுத்திவிட்டு, அடுத்த பாடலுக்கு முன் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிட்டார். புல்லாங்குழல் ஒரு சுருதியிலும் கீபோர்டு வேறொரு சுருதியிலுமாகப் பல்லவி முழுவதும் நடந்தேறியது. பட்டனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மாணவருக்குக் கார்டுகளின் பெயர்கள் தெரிந்திருந்தன. ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் என்ன உறவு என்பது தெரிந்திருக்கவில்லை. அதை முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்காதது என் பிழை.

கார்டு வரிசை என்பது பெயர்ப் பட்டியல் அன்று, ஆதார ஸ்வரமான ஷட்ஜத்திலிருந்து (ஸ) அளக்கப்படும் தூரங்களின் வரிசை. கர்நாடக இசையில் சிறிதளவு பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கீபோர்டில் சி என்ற கட்டையை (விசையை) ஷட்ஜமாக வைத்தால், சி மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களே. ஒவ்வொரு ஸ்வரத்தின் மீதும் ஒன்றுவிட்டு ஒன்றாக இன்னும் இரண்டு ஸ்வரங்களை அடுக்கினால் ஏழு கார்டுகள் கிடைக்கின்றன. ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி ஆகிய மூன்றும் மேஜர்: அடி ஸ்வரத்துக்கும் நடு ஸ்வரத்துக்கும் இடையே நான்கு அரை ஸ்வரங்கள் (அடுத்தடுத்த இரு விசைகளின் தூரம் ஓர் அரை ஸ்வரம்). ரி-ம-த, க-ப-நி, த-ஸ-க ஆகிய மூன்றும் மைனர்: அந்த இடைவெளி மூன்று அரை ஸ்வரங்கள். எஞ்சிய நி-ரி-ம டிமினிஷ்டு: இரண்டு இடைவெளிகளுமே மூன்று அரை ஸ்வரங்கள். அதாவது 1, 4, 5 ஆகியவை மேஜர், 2, 3, 6 ஆகியவை மைனர். ஷட்ஜத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இந்த அமைப்பு மாறுவதில்லை. 1–5–6–4 என்ற வரிசை சி-யில் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று வரும். இரண்டரைக் கட்டையில் அதுவே இ ஃபிளாட், பி ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட் என்றாகும். மனத்தில் இருக்க வேண்டியது நான்கு எண்கள்; பெயர்கள் அவற்றிலிருந்து தாமாக வந்துவிடும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோக்களில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இசைக்கலைஞர்கள் கார்டுகளை எண்களாலேயே குறித்துக்கொள்ளத் தொடங்கியதற்கும் இதே வசதிதான் காரணம்: பாடகருக்காகச் சுருதி மாறினாலும் தாளில் எழுதியதை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டைக் கணக்கிலும் எண்கள், கார்டு வரிசையிலும் எண்கள். ஐந்து கட்டை என்றால் ஷட்ஜமே ஜி-யில் இருக்கிறது என்று பொருள். ஐந்தாம் கார்டு என்றால், எந்த ஷட்ஜமானாலும் அதன் பஞ்சமத்தின் மீது எழும் கார்டு என்று பொருள். ஐந்து கட்டைப் பாடலில் ஐந்தாம் கார்டு டி மேஜர். இதை ஒருமுறை நோட்டில் எழுதிப் பார்க்காத மாணவர் எவரும் தடுமாறாமல் இருந்ததில்லை.

எண்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தினால் பெயர்ப் பட்டியலுக்குப் பதில் எண் பட்டியல் ஒன்று கையில் இருக்கும், அவ்வளவே. ஐந்தாம் கார்டு ஏன் ஒன்றாம் கார்டைத் தேடிப் போகிறது என்பதைக் காதால் உணர வேண்டும். ஜி மேஜரோடு எஃப்-ஐயும் சேர்த்து ஜி செவன்த்தாக வாசித்து, அப்படியே கையை எடுத்துவிடுங்கள். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது போன்ற தவிப்பு காதில் நிற்கும். அந்தக் கார்டுக்குள் காகலி நிஷாதமும் (பி) சுத்த மத்தியமமும் (எஃப்) சேர்ந்து ஒலிக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஆறு அரை ஸ்வரங்கள் தூரம். ஸப்தகத்தின் (ஸ முதல் மேல் ஸ வரை) சரிபாதி அது. நிஷாதம் அரை ஸ்வரம் மேலேறி ஷட்ஜத்தை அடைகிறது, மத்தியமம் அரை ஸ்வரம் இறங்கிக் காந்தாரத்தை அடைகிறது. அந்த இரண்டு சிறிய அசைவுகளில் தவிப்பு அடங்கிவிடுகிறது. நிஷாதத்தில் நின்றால் ஷட்ஜம் இழுக்கும் என்று பாட்டு வகுப்பில் சொல்லித்தருவார்களே, அந்த இழுப்பையே இங்கே இரண்டு குரல்களில் ஒரே நேரத்தில் கேட்கிறோம். நான்காம் கார்டில் நிஷாதம் இல்லை. ஆகவே அது வீட்டைவிட்டு வெளியே வந்த உணர்வைத் தரும். ஆனால் திரும்பச் சொல்லி அவ்வளவு அவசரப்படுத்தாது. ஆறாம் கார்டில் ஒன்றாம் கார்டின் மூன்று ஸ்வரங்களில் இரண்டு, அதாவது ஷட்ஜமும் காந்தாரமும், அப்படியே இருக்கின்றன. ஐந்துக்குப் பிறகு ஒன்றை எதிர்பார்க்கும் காதுக்கு ஆறைக் கொடுத்தால், பாதி நிறைவேறிய எதிர்பார்ப்பின் ஏக்கம் பிறப்பது அதனால்தான்.

மைனர் பாடல்களில் மாணவர்கள் கேட்கும் கேள்வியும் இந்த நிஷாதத்தைப் பற்றியதே. ஏ மைனர் ஸ்கேலில் ஐந்தாவது இ மைனராகத்தானே வர வேண்டும், பாடலில் ஏன் இ மேஜர் வருகிறது என்று கேட்பார்கள். ஏ-யை ஷட்ஜமாக வைத்த நடபைரவி ராகத்தின் கைசிகி நிஷாதம் (ஜி) ஷட்ஜத்திலிருந்து முழு ஸ்வரம் தள்ளி நிற்பதால், அந்த ஐந்தாம் கார்டுக்கு இழுக்கும் வலிமை குறைவு. அதைக் காகலி நிஷாதமாக, அதாவது ஜி-யை ஜி ஷார்ப்பாக உயர்த்தினால் கீரவாணி ராகத்தின் ஸ்வரங்கள் வந்துவிடுகின்றன. பஞ்சமத்தின் மீது எழும் கார்டும் மேஜராகிவிடுகிறது.

இனி கையைப் பற்றி. நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வந்தவை அல்ல, வலது கையின் தாவலால் வந்தவை. எல்லாக் கார்டையும் அதன் அடி ஸ்வரத்திலிருந்தே பிடிக்கப் பழகிய மாணவரின் கை, சி-யிலிருந்து எஃப்-க்கும் எஃப்-இலிருந்து ஜி-க்கும் தவளைபோல் தாவுகிறது; தாளம் தவறுவதும் அங்கேதான். சி-இ-ஜி பிடித்திருக்கும் கை, சி-யை அசைக்காமல் மற்ற இரண்டு விரல்களைச் சற்று மேலே நகர்த்தினால் சி-எஃப்-ஏ என்று எஃப் மேஜர் கிடைக்கிறது. அங்கிருந்து மூன்று விரல்களும் கீழே நகர்ந்தால் பி-டி-ஜி, அதாவது ஜி மேஜர். அங்கிருந்து ஜி-யை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏற்றினால் மீண்டும் சி-இ-ஜி. இடது கை மட்டும் சி, எஃப், ஜி, சி என்று அடி ஸ்வரங்களை வாசிக்கட்டும். எஃப்-இலிருந்து ஜி-க்கு இடது கை ஏறும்போது வலது கை இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டு கைகளும் ஒரே திசையில் சறுக்கும்போது கேட்கும் மொட்டைத்தனம் இதில் இருக்காது. ஸ்வரங்களின் அடுக்கு மாறினாலும் கார்டு அதுவே என்ற கருத்தைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1722-இல் முறையாக வகுத்து எழுதினார். நம் மாணவர்களோ இந்த அடுக்கு மாற்றத்தை, அதாவது இன்வர்ஷன் என்றதும், இன்னும் தேர்வுக்கான பாடம் என்று ஒதுக்கிவைக்கிறார்கள்.

ஸ்டைல் எனப்படும் தானியங்கிப் பின்னணியைப் போட்டு ஒரே விரலில் கார்டு வாசிக்கும் வசதியைத் தொடக்கத்தில் நான் தடுப்பதில்லை, வாசிக்கும் ஆசை அதில் வளர்கிறது. ஆனால் அது கருவிக்குக் கருவி மாறும். பொதுவாகக் கேசியோவில் அடி ஸ்வரத்தோடு அதற்கு வலப்புறம் இன்னொரு கட்டையைச் சேர்த்தால் மைனர். யமஹாவில் இடப்புறமுள்ள கறுப்புக் கட்டையைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பழகியவர் மற்றொன்றின் முன் அமர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்த கேள்வி, எப்போது கார்டு மாற வேண்டும் என்பது. மெட்டில் ஸ்வரம் மாறும்போதெல்லாம் கார்டை மாற்றுவது தொடக்கநிலை மாணவர்களிடம் தவறாமல் காணப்படும் பழக்கம். ஷட்ஜம் ஒன்றாம், நான்காம், ஆறாம் கார்டுகள் மூன்றிலும் இருக்கிறது; பஞ்சமம் ஒன்று, மூன்று, ஐந்தில் இருக்கிறது. ஆகவே ஒரு ஸ்வரத்தை வைத்துக் கார்டை முடிவு செய்ய முடியாது. தாளத்தின் அழுத்தமான இடங்களில், மெட்டு எந்த ஸ்வரங்களில் நின்று நீள்கிறது என்று பார்க்க வேண்டும். இடையில் ஓடிக் கடக்கும் ஸ்வரங்களுக்குத் தனியாகக் கார்டு தேடக் கூடாது. நான் செய்யச் சொல்லும் பயிற்சி இதுதான்: பாடலை ஒலிக்கவிட்டு, கீபோர்டைத் தொடாமல், பேஸ் கிட்டாரின் ஸ்வரத்தை மட்டும் வாயால் முணுமுணுக்க வேண்டும். அது எப்போது இடம் மாறுகிறதோ, பெரும்பாலும் கார்டும் அப்போதே மாறுகிறது. பிறகு அதே வரிசையைச் சி, ஜி, எஃப் ஆகிய மூன்று ஸ்கேல்களில் வாசித்து, அடுத்த வாரம் இரண்டரைக் கட்டைக்குப் போகலாம். புதிதாகப் பத்துப் பாடல்கள் எடுப்பதைவிட, ஒரே பாடலை நான்கு சுருதிகளில் வாசிப்பதால் கிடைக்கும் பயன் அதிகம் என்பது என் அனுபவம். பெற்றோருக்குத்தான் இது பிடிப்பதில்லை. பாட்டுக் கணக்கு ஏறவில்லையே என்று வருந்துகிறார்கள்.

ராகத்தில் அமைந்த பாடல்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் 1–4–5 வரிசையை அதன் கீழே வைத்தால் நான்காம் கார்டு மத்தியமத்தையும் ஐந்தாம் கார்டு நிஷாதத்தையும் கொண்டுவந்துவிடும். தேர்ந்த இசையமைப்பாளர் அதைத் தெரிந்தே செய்யலாம், அழகாகவும் இருக்கலாம். தெரியாமல் செய்தால், பாடுபவரின் ராகம் அவர் காலடியிலேயே நழுவும். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் ஸ-க-ப, த-ஸ-க என்ற இரண்டு கார்டுகள்தாம் முழுமையாக அமைகின்றன. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) மிகுந்த இடங்களில் அந்த இரண்டையும்கூட விட்டுவிட்டு, தம்பூராவைப்போல ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்கிறேன். மாணவர்களுக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது அந்தச் சும்மா இருத்தல்தான்.