சிறகை நம்பாத வகைப்பாடு

பட்டாம்பூச்சியில் முதலில் கண்ணைக் கவர்வது சிறகின் நிறமும் கோலமும்தான்; மழைக்காட்டுப் பட்டாம்பூச்சிகளை வகைப்படுத்துபவர் முதலில் ஐயுற வேண்டியதும் அவற்றையே.

1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சிகளைச் சேகரித்த ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ், ஒரே தோற்றத்துடன் ஒன்றாகப் பறந்து திரிந்த பட்டாம்பூச்சிகளுள் சில முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் கண்டார். பறவைகளுக்குச் சுவைக்காத இத்தோமியா என்ற பட்டாம்பூச்சிகளின் தோற்றத்தை, உண்ணத்தக்க டிஸ்மார்ஃபியா என்ற வேறு பட்டாம்பூச்சிகள் ஏற்றுத் தப்பிப் பிழைக்கின்றன என்று 1862இல் அவர் விளக்கினார். இவ்விரண்டையும் பிரித்தறியக் கால்களைப் பார்த்தால் போதும். இத்தோமியாக்கள் நிம்ஃபாலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், முன்னங்கால்கள் சிறுத்து நடக்க உதவாமல் போக, நான்கு கால்களிலேயே நிற்கும். டிஸ்மார்ஃபியாக்களோ பியரிடே குடும்பத்துக்குரியபடி ஆறு கால்களையும் ஊன்றி நிற்கும். பறவையின் பார்வை சிறகின் மேல்தான். கால் மாறியிருந்தாலும் உயிர் தப்ப அது உதவியிராது. ஆகவேதான் மூதாதை வழி வந்த அமைப்பு காலிலும் சிறகு நரம்புகளிலும் கலையாமல் தங்கியிருக்கிறது.

நெருங்கிய இனங்கள் அடங்கிய ஒரே பேரினத்துக்குள் இந்த வழி கைகொடுக்காது. லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்ட ஹெலிகோனியஸ் எராட்டோவும் ஹெலிகோனியஸ் மெல்போமெனேயும் இரண்டுமே சுவையற்றவை. வட்டாரத்துக்கு வட்டாரம் சிவப்பும் மஞ்சளுமான கோலத்தைச் சேர்ந்தே மாற்றிக்கொள்பவை. பக்கத்து ஊர் எராட்டோவைவிட உள்ளூர் மெல்போமெனேதான் எராட்டோவுக்கு நெருங்கிய உறவு என்று சிறகு பொய்ச்சாட்சி சொல்லும். மரபணுவை ஒப்பிட்டால் இவை தனித்தனிக் கிளைகள் என்பது தெளிவாகும். எராட்டோ கிளையின் ஆண்கள், கூட்டுப்புழுவிலிருந்து பெண் வெளிவரும் தறுவாயிலேயே அதனுடன் இணைவதும், மெல்போமெனே கிளையில் அவ்வழக்கம் இல்லாததும் இதற்கு ஒத்துப்போகின்றன.

வேறொரு வகைச் சிக்கல் கோஸ்டா ரிகாவில் எழுந்தது. 1775இல் பெயரிடப்பட்ட அஸ்ட்ராப்டிஸ் ஃபுல்ஜரேட்டர் என்ற தாவிப் பட்டாம்பூச்சி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடி முதல் வடக்கு அர்ஜென்டினா வரை பரவிய ஒரே இனமாகக் கருதப்பட்டது. அந்நாட்டின் குவானகாஸ்தே பகுதியில் ஆய்வாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 25 ஆண்டுகளுக்கும் மேலாக 2,500க்கு மேற்பட்ட புழுக்களைக் காட்டிலிருந்து எடுத்து வளர்த்தபோது, ஏறத்தாழ ஒரே மாதிரியான பட்டாம்பூச்சிகளாகும் புழுக்கள் நிறத்திலும் உண்ணும் செடியிலும் வேறுபட்டன. மரபணு ஆய்வாளர் பால் ஹெபெர்ட் குழுவினர், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ (COI) என்ற மரபணுவின் சிறு பகுதியை இத்தரவுகளுடன் ஒப்பிட்டு, 2004இல் இதைப் பத்து இனங்களாகப் பிரித்தனர்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதே மரபணுத் தரவை மீண்டும் ஆராய்ந்த பூச்சியியலாளர் ஆண்ட்ரூ பிரோவர், குறைந்தது மூன்று, அதிகம் போனால் ஏழு பிரிவுகளுக்கே ஆதாரம் உண்டு என்று 2006இல் வாதிட்டார். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே கடத்தப்படுவதால், தந்தைவழிக் கலப்பு அந்த ஒரு மரபணுவில் பதிவாவதில்லை. ஆகவே இவ்வழக்கில் எண்ணிக்கையைவிட வலுவான சான்று, எந்தப் புழு எந்தச் செடியைத் தின்று எந்தப் பட்டாம்பூச்சியாயிற்று என்ற வளர்ப்புக் குறிப்புகளே என்று எனக்குத் தோன்றுகிறது.