மடிப்பில் வளையும் எழுத்து: டிஸ்ப்ளேஸ் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது?

ஃபோட்டோஷாப்பில் சட்டைத் துணியின் படத்தின் மேல் ஒரு சொல்லை வைத்து, லேயரின் கலப்பு முறையை மல்ட்டிப்ளை என்று மாற்றிய பிறகும் அது ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் துருத்திக்கொண்டு நிற்கிறதே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிழல் எழுத்தின் மேல் சரியாகத்தான் விழுகிறது, ஆனாலும் கண் நம்ப மறுக்கிறது. மடிப்பு விழுந்த துணி, தன் மேல் அச்சான எழுத்துக்கு இரண்டு காரியங்களைச் செய்கிறது. அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது, அதன் கோடுகளை இடம் நகர்த்துகிறது. மல்ட்டிப்ளைக்கு முதல் காரியம் மட்டும்தான் தெரியும். இரண்டாவதைச் செய்வது டிஸ்ப்ளேஸ் என்ற ஃபில்டர்.

முதலில் மல்ட்டிப்ளையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு லேயர்களின் பிக்சல் மதிப்புகளை (0 கருப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். துணி 200, மை 100 என்றால் விடை 78. உண்மையில் மை செய்வதும் இதுவே: விழுந்த ஒளியில் ஒரு பங்கை மட்டும் திருப்பி அனுப்புகிறது. படக் கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவை நேராகக் குறிப்பவை அல்ல. எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறக் குறியீட்டு முறையில் 128 என்பது வெள்ளையின் ஒளியில் 21.6 சதவீதம்தான். இதனால் சராசரி எடுக்கும் வேலைகள் எல்லாம் பிசகுகின்றன. சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மங்கலாக்கினால் நடுவில் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) 188, 188, 0 வர வேண்டிய இடத்தில் 128, 128, 0 என்ற அழுக்கு நிறம் வருவது இதனால்தான். ஆனால் மல்ட்டிப்ளை இந்தச் சிக்கலிலிருந்து அழகாகத் தப்பிக்கிறது. கோப்பிலுள்ள எண் ஏறக்குறைய ஒளி அளவின் ஓர் அடுக்கு (பவர்); அடுக்குகளின் பெருக்கல் என்பது பெருக்கலின் அடுக்குதான் அல்லவா? எந்த வளைவில் சேமித்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றே.

நடைமுறையில் இரண்டு இடங்களில் மல்ட்டிப்ளை சறுக்கும். எழுத்தின் நிறம் 0 என்ற முழுக் கருப்பாக இருந்தால் எதைப் பெருக்கினாலும் 0 தான், மடிப்பு மறைந்துவிடும். 35 முதல் 45 வரையுள்ள சாம்பலை வைத்தால் போதும், பார்வைக்கு அதுவே கருப்பு. வெள்ளை எழுத்து என்றால் நேர்மாறாக எழுத்தே காணாமல் போகும். அதற்கு 220 சாம்பலில் எழுத்தை நார்மல் முறையில் (கீழுள்ளதோடு கலக்காமல்) வைத்து, துணிப் படத்தின் கருப்பு வெள்ளைப் பிரதியை மேலே போட்டு, எழுத்துக்கு வெளியே அது தெரியாதபடி கிளிப்பிங் மாஸ்க்கால் எழுத்தோடு கட்டி, ஹார்ட் லைட் என்ற கலப்பு முறை கொடுக்க வேண்டும். ஹார்ட் லைட்டில் 128 எதையும் மாற்றாது, அதற்குக் கீழே உள்ளவை இருளாக்கும், மேலே உள்ளவை வெளுப்பாக்கும்.

இனி டிஸ்ப்ளேஸ். இந்த ஃபில்டருக்கு இரண்டு படங்கள் தேவை. ஒன்று நகர்த்தப்படும் எழுத்து. மற்றொன்று எந்த இடத்தில் எவ்வளவு நகர்த்துவது என்று சொல்லும் வரைபடம். துணியின் படத்தையே கருப்பு வெள்ளையாக்கி வரைபடமாகக் கொடுக்கிறோம். ஃபோட்டோஷாப்பில் அதைத் தனி பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து வைத்துவிட்டு, எழுத்து லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி (ஃபில்டர் போட்டாலும் மூலம் அழியாத லேயர்), ஃபில்டர், டிஸ்டார்ட், டிஸ்ப்ளேஸ் என்று போக வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஃபில்டர்ஸ், மேப், டிஸ்ப்ளேஸ். அங்கே கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் தனித்தனி வரைபடம் கொடுக்கலாம், அளவைப் பிக்சலிலேயே சொல்லலாம்.

ஃபோட்டோஷாப்பின் கணக்கு இது. வரைபடத்தில் 128 என்ற நடுச் சாம்பல் இருக்கும் இடத்தில் நகர்வு இல்லை. 0 ஒரு பக்கம் முழு நகர்வு, 255 எதிர்ப்பக்கம் முழு நகர்வு. ஃபில்டர் கேட்கும் ஸ்கேல் என்ற எண் 100 என்றால் உச்ச நகர்வு 128 பிக்சல், அதாவது ஒரு சாம்பல் படிக்கு ஒரு பிக்சல். ஸ்கேல் 10 என்றால் படிக்கு 0.1 பிக்சல். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இதில் வரும் கோளாறுகள் பெரும்பாலானவற்றை எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

கணினி எழுத்தின் பிக்சல்களைத் தள்ளுவதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். தள்ளினால் சில இடங்களில் இரண்டு பிக்சல்கள் வந்து விழும், சில இடங்களில் ஒன்றும் விழாமல் ஓட்டை இருக்கும். அதனால் கேள்வி தலைகீழாகக் கேட்கப்படுகிறது. விடைப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும், "என் நிறத்தை நான் எங்கிருந்து எடுக்க வேண்டும்?" என்று வரைபடத்தைப் பார்க்கிறது. வரைபடம் 3.4 பிக்சல் வலப்புறம் என்று சொன்னால், அங்கே உள்ள அண்டைப் பிக்சல்களை விகிதப்படி கலந்து எடுத்துக்கொள்கிறது. ஓட்டை விழ வழியே இல்லை. எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிராக எழுத்து நகர்ந்தால் குழம்ப வேண்டாம்: வலப்புறத்திலிருந்து எடுத்தால் படம் இடப்புறம் நகர்ந்ததாகத்தானே தெரியும்? ஸ்கேலுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது எழுத்தின் ஓரம் பல்லுப் பல்லாகப் பிய்வது. இதற்குக் காரணம் நூலிழை. துணியின் இழைகளால் பிக்சலுக்குப் பிக்சல் 10 படி ஏறி இறங்கினால், ஸ்கேல் 10-இல் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்திலிருப்பதைவிட ஒரு பிக்சல் தள்ளி நிறம் எடுக்கும். மடிப்பின் கூர்மையான விளிம்பில், இரண்டே பிக்சல் தூரத்தில் 60 படி சரிந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே அடுத்தடுத்த பிக்சல்களின் நகர்வில் 3 பிக்சல் வேறுபாடு வருகிறது. வேறுபாடு ஒன்றைத் தாண்டினாலே எழுத்தின் ஒரே துண்டு இரண்டு முறை தோன்றவோ, நடுவில் ஒரு துண்டு விடுபடவோ செய்யும். அதனால்தான் வரைபடத்தைச் சேமிக்கும் முன் காஸியன் ப்ளர் கொடுத்து மங்கலாக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. மடிப்புக்கு மடிப்பு 80 பிக்சல், இழைக்கு இழை 4 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ப்ளர் ஆரம் 6 என்றால் மடிப்பின் ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் தப்பிப் பிழைக்கும், இழை முற்றிலும் அழிந்துபோகும். தாராளமாக 30 வைத்தால் மடிப்பில் 6 சதவீதம்தான் மிஞ்சும், எழுத்து அசையாது.

துணி கருநிறமாக இருந்தால் இன்னொரு தொல்லை. வரைபடத்தின் சராசரி 80 என்றால், 128-ஐ விட 48 படி குறைவு. ஸ்கேல் 10-இல் எழுத்து மொத்தமாக 4.8 பிக்சல் நகர்ந்துவிடும். வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் நடு முக்கோணத்தை இழுத்துச் சராசரியை 128-க்குக் கொண்டுவந்தால் சரியாகும். ஒரே ஒரு சேனல் கொண்ட (சாம்பல் மட்டும் உள்ள) வரைபடம், கிடைமட்ட ஸ்கேலும் செங்குத்து ஸ்கேலும் சமமாக இருந்தால் எல்லாவற்றையும் மூலைவிட்டமாகவே நகர்த்தும். ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். கிடைமட்டக் கோடுகளில் செங்குத்து நகர்வுதான் கண்ணுக்குத் தெரியும், செங்குத்துக் கோடுகளில் கிடைமட்ட நகர்வு. ஃபில்டர் கொடுத்த பிறகு எழுத்தை வேறு இடத்துக்கு இழுத்தால், பழைய இடத்தின் மடிப்பையும் அது சுமந்துகொண்டு போகும். இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்த உத்தி எல்லாம் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: வெளிச்சமான இடம் மேடு, இருண்ட இடம் பள்ளம். அந்த ஊகம் தவறு! மேற்பரப்பின் வெளிச்சம் அதன் உயரத்தைப் பொறுத்ததல்ல, ஒளியை நோக்கி அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்கே ஒளி கிடைக்கும் என்று கணித அறிஞர் யோஹான் லாம்பெர்ட் 1760-இல் எழுதிவைத்தார். ஆக நம் கையில் உள்ள வரைபடம் உயர வரைபடம் அல்ல, சரிவு வரைபடம். மடிப்புகள் சைன் அலை போல இருந்தால், சரிவு கொசைன். இரண்டும் ஒரே அலை, கால் அலை இடைவெளியில். துணி எங்கே உச்சத்தில் இருக்கிறதோ, அங்கிருந்து கால் அலை தள்ளித்தான் நம் எழுத்து உச்சத்தைத் தொடுகிறது. அப்படியும் கண் ஏமாறுகிறதே! அலைநீளமும் திசையும் ஒத்துப்போனால் போதும், கால் அலைப் பிசகைக் கண் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொள்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒளி இடப்புறத்திலிருந்து வருகிறது என்றால், இடப்புறம் பார்த்த சரிவு பளிச்சென்று இருக்கும், உச்சம் அதற்குக் கால் அலை வலப்புறம் இருக்கும். ஆகவே வரைபடத்தை, படம் முழுவதையும் நகர்த்தும் ஆஃப்செட் ஃபில்டரால் ஒளிக்கு எதிர்த்திசையில் மடிப்பின் கால்பங்கு, 80 பிக்சல் மடிப்புக்கு 20 பிக்சல், தள்ளிச் சேமித்துவிட்டால் அது உயர வரைபடத்துக்கு நெருங்கிவிடும். மடிப்புகள் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும் படங்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தாறுமாறாகக் கசங்கிய துணியில் இது பலிக்காது. அதற்குச் சரிவுகளைக் கூட்டி உயரத்தை மீட்டெடுக்க வேண்டும். நிழலிலிருந்து வடிவத்தை மீட்கும் அந்தக் கணக்கை பெர்த்தோல்ட் ஹார்ன் என்ற ஆய்வாளர் 1970-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாகவே எடுத்துக்கொண்டார்.

இணையப் பக்கத்திலேயே இந்த விளைவைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு எஸ்விஜி என்ற இணைய வரைகலை வடிவத்தில் டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் என்ற ஃபில்டர் உண்டு. வரைபட மதிப்பிலிருந்து 0.5-ஐக் கழித்து ஸ்கேலால் பெருக்குவதுதான் அதன் சூத்திரம். ஆனால் இயல்பாக அது வரைபடத்தை நேர்கோட்டு ஒளி அளவுக்கு மாற்றிவிட்டுத்தான் படிக்கும். நடுச் சாம்பல் என்று நாம் நம்பிய 128, 0.216 ஆகிவிடும். ஸ்கேல் 20 என்றால் எதுவுமே இல்லாத இடத்திலும் 5.7 பிக்சல் நகர்வு! ஃபில்டரின் நிற இடைக்கணிப்பை எஸ்ஆர்ஜிபி என்று மாற்றினால் நின்றுவிடும்.

கடைசி வேலை, எழுத்தின் அதீத சுத்தத்தைக் கெடுப்பது. கேமரா எடுத்த படத்தில் நாய்ஸ் எனப்படும் புள்ளி இரைச்சல் இருக்கிறது, ஓரங்கள் சற்று மங்கியிருக்கின்றன. எழுத்துக்கு 0.5 முதல் 1 பிக்சல் வரை ப்ளர், பிறகு 2 அல்லது 3 சதவீதம் ஒற்றை நிற நாய்ஸ். நார்மல் முறையில் வைத்த எழுத்துக்கு இது கட்டாயம்; மல்ட்டிப்ளையில் துணியின் இரைச்சல் ஓரளவு தானாகவே ஊடுருவி வரும். யாரோ ஒருவரின் கையில் உள்ள பதாகையிலும் சட்டையிலும் இல்லாத வாசகத்தை ஏற்றிப் பரப்பும் போலிப் படங்கள் பிடிபடுவதும் இங்கேதான். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் மிகக் கருத்த நிழலே 30-இல் நிற்கும்போது எழுத்து மட்டும் 0-வில் இருக்கிறதா, துணியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்க எழுத்தின் உள்ளே ஒரே சீராக இருக்கிறதா, மடிப்பைக் கடக்கும் கோடு சற்றும் வளையாமல் நேராகப் போகிறதா என்று கவனியுங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த வாசகம் பின்னால் சேர்க்கப்பட்டதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.