படத்தில் க்ளிக் வைத்தால் அது பொத்தான் ஆகிவிடாது

இணையப் பக்கத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்படி செய்த, விதை முளைக்கும் பாடம். ஒருமுறை தொட்டால் விதை வேர்விட வேண்டும், அடுத்துத் தொட்டால் முளை, அப்புறம் இலை. செய்தவரின் மடிக்கணினியில் அழகாக ஓடுகிறது. பிள்ளையின் கைபேசியிலோ விதை விதையாகவே கிடக்கிறது. இப்படிப்பட்ட பயிற்சிகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன, காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மவுஸ் அம்பு மேலே வந்தால் படம் மாறும்படி வைத்திருப்பார்கள். விரலுக்கு மேலே வந்து நிற்பது என்ற நிலையே கிடையாதே! அம்பு மேலே வந்ததும் மாறும் இந்த ஹோவரை விட்டுவிடுங்கள், க்ளிக்குக்கு மாற்றுங்கள்.

மாற்றியதும் அடுத்த தவறான நம்பிக்கை தலைகாட்டும். "படத்துக்கு ஒன்க்ளிக் (க்ளிக் செய்தால் ஓடும் கட்டளை) கொடுத்தாயிற்று, இனி அது பொத்தான்தானே?" இல்லை. இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் வெறும் படத்துக்கு ஒன்க்ளிக் கொடுத்தால் மவுஸுக்கும் விரலுக்கும் மட்டும்தான் அது தெரியும். டேப் விசை அதில் நிற்காமல் தாண்டிப் போகும். மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அங்கே பாடமே இல்லை. டேப் விசை நிற்க வைக்கும் டேப்இண்டெக்ஸ் பண்பைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். டேப் வந்து நிற்கும், அவ்வளவுதான். என்டர், ஸ்பேஸ் இரண்டுக்கும் தனியாக நிரல் எழுத வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். படத்தை ஹெச்டிஎம்எல்லின் பட்டன் (button) குறிக்குள் வையுங்கள். டேப், என்டர், ஸ்பேஸ் மூன்றும் தானாக வந்துவிடும். ஒரு குறியில் முடிகிற வேலை இது!

பார்வையற்ற பிள்ளைக்கு இதுவும் போதாது. படம் வேராக மாறிய பிறகும் ஆல்ட் உரை (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் விவரம்) "உலர்ந்த விதை" என்றே இருந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானும் அதையேதான் சொல்லும். பொத்தானின் பெயர் எப்போதும் "அடுத்த நிலை" என்றே இருக்கட்டும். படத்தின் ஆல்ட்டைக் காலியாக விட்டு, "விதையுறை பிளந்து வேர் கீழ்நோக்கி வளர்கிறது" என்பது போன்ற ஒரு வரியைப் படத்துக்குக் கீழே காட்டுங்கள். அந்த வரிக்கு ஆரியா-லைவ் (aria-live) பண்பை "பொலைட்" (polite) என்று வைத்தால், மாறும்போதெல்லாம் அது வாசிக்கப்படும். பார்வை உள்ள பிள்ளைக்கும் அந்த வரி பாடம்தான்.

நான்கு படங்களும் ஒரே அகலம், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், விதையும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக வெட்டினால் செடி வளர்வது தெரியாது, படம் குதிப்பதுதான் தெரியும். கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 1200 பிக்சல் அகலம் தாராளம். எல்லாப் படங்களையும் பக்கம் திறக்கும்போதே முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் தொட்டதும் படம் வரத் தாமதமாகும், பிள்ளை பொறுக்காமல் மறுபடி தொடும், வேர் நிலையைப் பார்க்காமலே முளைக்குப் போய்விடும். முந்தைய நிலைக்குத் திரும்ப ஒரு பொத்தானும் கட்டாயம் வேண்டும்.

ஒரே படத்தில் பல இடங்களைத் தொட வைப்பவர்கள் இமேஜ் மேப்பை (படத்தின் பகுதிகளைத் தொடும் இடங்களாகக் குறிக்கும் முறை) நம்பாதீர்கள். அதன் ஆயங்கள், அதாவது இடத்தைக் குறிக்கும் எண்கள், பிக்சலில் நிலையானவை. சிறிய திரையில் படம் சுருங்கும், ஆயங்கள் சுருங்காது. இலையைத் தொட்டால் தண்டு திறக்கும். எஸ்விஜி (எந்த அளவுக்கும் சுருங்கி விரியும் பட வகை) வடிவங்களை வையுங்கள், படத்தோடு சேர்ந்தே சுருங்கும். தொடும் இடம் 24-க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் அடிப்படை அளவு. சின்னக் குழந்தைகளுக்கு 44-க்கு 44 வையுங்கள், தயவுசெய்து.

பவர்பாயின்டில் ட்ரிகர் (குறிப்பிட்ட படத்தைத் தொட்டால்தான் அசைவு தொடங்கும் அமைப்பு) வைத்துச் செய்பவர்களுக்கு: விரல் படத்தைவிட்டுச் சற்று விலகினாலும் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். ட்ரான்சிஷன்ஸ் பகுதியில் "ஆன் மவுஸ் க்ளிக்" டிக்கை எடுத்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்கு எனத் தனிப் பொத்தான் வையுங்கள். அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பவே அனுப்பாதீர்கள். ட்ரிகர் போய்விடும், நான்கு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு நிற்கும்.

அனுப்புவதற்கு முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டரால் மட்டும் விதையை இலைவரை கொண்டுபோய்ப் பாருங்கள். பிறகு கைபேசியில் ஒருமுறை, திரைவாசிப்பானை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை.