ஐஎஸ்எஸ்என் எண் தரச் சான்றிதழ் இல்லை

"ஐஎஸ்எஸ்என் எண் இருக்கே மேடம், அப்புறம் எப்படி அது போலி ஜர்னல் ஆகும்?"

பணம் கட்டி, பேப்பரும் வெளிவந்த பிறகு ஒரு முனைவர் பட்ட மாணவர் போன வாரம் கேட்டது. போலி ஜர்னல் என்றால், துறை அறிஞர்களின் மதிப்பாய்வு இல்லாமலே பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் ஆய்விதழ். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்கு ஜர்னல் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த இதழுக்கும் தரப்படும் எட்டு இலக்க அடையாள எண். அவ்வளவுதான். சினிமா வார இதழும் வாங்கலாம், ஜோதிட மாத இதழும் வாங்கலாம். விண்ணப்பித்தால் டெல்லியிலுள்ள தேசிய மையம் இலவசமாகவே தருகிறது. உள்ளே வரும் கட்டுரை சரியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் டிஓஐ என்ற இணைய அடையாள எண்ணும் தரத்துக்குச் சான்றல்ல. இம்பேக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதன் அளவு. முகப்பில் 'இம்பேக்ட் ஃபேக்டர் 7' என்று போட்டிருந்தால், அதைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் தேடுங்கள். அங்கே இல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

கட்டணம் போனால்கூடப் போகட்டும். வருடக்கணக்கில் சேர்த்த டேட்டா அங்கே வெளியாகிவிட்டால், அதே பேப்பரை நல்ல ஜர்னலுக்கு அனுப்ப முடியாது. திரும்பக் கேட்டாலும் விடமாட்டார்கள். ஜர்னல்கள் வெளியிடும் ஐதராபாத் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது, அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-ல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. 2019-ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

அனுப்பும் முன், ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்துக்கே போய் அந்த ஜர்னல் இருக்கிறதா என்று பாருங்கள்; ஜர்னல் தன்னைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கோபஸ் நீக்கிய இதழ்களின் பட்டியலும் இருக்கிறது, அதையும் பாருங்கள். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறார்கள், இணைய முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளையாவது படியுங்கள். மூன்று நாளில் ஏற்பு வந்தால் சந்தோஷப்படாதீர்கள், மதிப்பாய்வே நடக்கவில்லை என்று அர்த்தம்.

கைடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மாணவரை அவசரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பணம் கட்டாதீர்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பேப்பரைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைக் கைடிடம் கொடுத்து வையுங்கள்.