உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

மிலானில் இருக்கும் எங்கள் மரச்சாமான் பட்டறைக்கு மறுபடியும் ஒரு சைட்போர்டு (தாழ்வான, நீளமான அலமாரி) வந்திருக்கிறது. அலை அலையாக வளைந்த கதவு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) போய், அடியிலிருந்த எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பல்லிளிக்கிறது. உப்புத்தாளால் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்தால் அசல் மரம் தெரியும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்தார்களாம். அசல் மரத்தைத்தான் தேய்த்துத் தள்ளியிருக்கிறீர்கள்!

வெனீர் என்றால் டூப்ளிகேட் என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ. அதுவும் மரம்தான், பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய மரம். மிலானில் கோடைக்காற்று பிசுபிசுக்கும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் போட்டதும் வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும். அகலமான முழுப்பலகை இதற்கெல்லாம் ரேகைக்குக் குறுக்கே உப்பும், சுருங்கும். நெளிந்த அலமாரி உடம்புக்குள் மயிரிழை இடைவெளியில் ஓடும் டிராயர் அதைத் தாங்குமா? அதனால்தான் எம்டிஎஃப் மேல் வெனீரை ஒட்டுகிறார்கள். வடிவமைப்பாளர் ஷிரோ குராமாத்தா 1970-இல் வரைந்து, பிறகு இத்தாலிய நிறுவனமான கப்பெல்லினி தயாரித்த 'சைட்' அலமாரிகளின் வளைவைப் பாருங்கள், புரியும். (குராமாத்தா ஜப்பானியர். இத்தாலிக்காரர்களே சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

எத்தோரே சொட்சாஸ் 1981-இல் மெம்பிஸ் என்ற மிலான் வடிவமைப்பாளர் குழுவுக்காகச் செய்த 'கார்ல்டன்' அலமாரியில் வெளியே தெரிவது மரமே இல்லை, பிளாஸ்டிக் லேமினேட் தகடு. வேண்டுமென்றே அப்படிச் செய்தார். அதற்கு மெழுகு பாலிஷ் போட்டு என்ன ஆகப்போகிறது? வடிவமைப்பாளர் ஃபெர்ருச்சோ லவியானியின் 'குட் வைப்ரேஷன்ஸ்' அலமாரி வேறு ரகம். கணினி இயக்கும் இயந்திரம் ஓக் மரத்தில் செதுக்கியது, பழுதான திரையில் கலைந்த பிம்பம் மாதிரி இருக்கும். அதன் புகைப்படத்தைப் பார்த்த பலர் ஃபோட்டோஷாப் என்றே நினைத்தார்கள். அந்தப் பள்ளங்களுக்கு மென்மையான பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.

கை வைக்கும் முன் கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழுமரமாக இருக்கலாம். மெல்லிய பட்டை ஒட்டியிருந்தால் இழைப்புளி, சாண்டர் (தேய்க்கும் மெஷின்) எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ரேடியேட்டரை ஒட்டி நிறுத்தாதீர்கள். உயரமான டிராயர் அலமாரியைச் சுவரோடு திருகிவிடுங்கள், தயவுசெய்து. சிற்பம் மாதிரி இருப்பதில் ஓட்டை போட மனசு வரவில்லை என்கிறார்கள். இழுத்த டிராயரில் குழந்தை ஏறினால் அது சிற்பம் என்று பார்த்தா சாயாமல் நிற்கும்?

ஏற்கெனவே தேய்த்தாயிற்றா? அத்தோடு நிறுத்துங்கள். ஃபெவிக்விக், மார்க்கர் எதுவும் வேண்டாம். உதிர்ந்த சில்லு இருந்தால், நகக்கண் அளவானாலும், கவரில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். அதே சில்லை ஒட்டினால்தான் ரேகை சேரும்.